பிள்ளை வீட்டுக்கு வரும் முன்னே: முதல் பத்து நாள்களுக்கான ஆயத்தம்

இன்னும் மூன்று வாரத்தில் மனைவிக்குப் பிரசவம் என்றும், மாமியார் உயிரோடு இல்லாததால் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் உங்கள் வீட்டில் இம்முறை நடக்காது என்றும், கிராமத்திலிருந்து உங்கள் அம்மா வந்து கோயம்புத்தூர் வாடகை வீட்டில் ஒரு மாதம் தங்கப் போகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் எழுதிக் கொடுத்த நாற்பது பொருள் கொண்ட பட்டியலையும் சேர்த்து, இவற்றில் எவற்றை வாங்குவது, முதல் நாள்களில் என்னென்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டியலை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் பேச அதிகம் இல்லை. பழைய பருத்தி வேட்டிகள் நாலைந்தைக் கிழித்து இருபத்தைந்து முப்பது துண்டுகள் தயார் செய்யுங்கள். முன்புறம் முடிச்சிடும் பருத்திச் சட்டை ஆறு, குல்லாய் இரண்டு, காலுறை இரண்டு சோடி, மெல்லிய துண்டு நான்கு, ஒரு ரப்பர் விரிப்பு, குடை போன்ற கொசுவலை, மூடியுள்ள வாளி ஒன்று, டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று ஆகியவை போதும். அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் 2015 முதல் வழங்கப்பட்டுவரும் 16 பொருள் கொண்ட குழந்தைகள் நலப் பெட்டகத்தில் துண்டு, சட்டை, கொசுவலை, நகவெட்டி போன்றவை இருப்பதால் செலவு இன்னும் குறையும். பால் புட்டி, ரப்பர் காம்பு, முகப் பவுடர், கண்மை, தலையணை, கிரைப் வாட்டர் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பவுடரின் தூள் பிள்ளையின் நுரையீரலுக்குள் போகும், கண்மையில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, தலையணை மூச்சை அடைக்கும். டயப்பர் தவறில்லை, வெளியே போகும்போதும் இரவிலும் கட்டலாம், பகலில் துணியே நல்லது. அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

துணியைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெட்டியிலும் பீரோவிலும் அந்துருண்டை போட்டு வைத்த துணி எதுவும், துவைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்து வாடை முற்றும் போகாமல், பிள்ளையின் மேல் படக்கூடாது. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த உருண்டையின் ஆவி பட்டாலே சிவப்பணுக்கள் உடைந்து காமாலை ஏறும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை உண்டு என்று பார்த்தவுடன் யாராலும் சொல்ல முடியாது. ஒருமுறை, வீட்டுக்குப் போன மறுநாளே மஞ்சளாகத் திரும்பி வந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கியபோது அந்துருண்டை வாடை குப்பென்று அடித்தது. பாட்டியின் கல்யாணப் புடவை அது. முதல் பேத்தியை அதில்தான் சுற்றி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும் என்று பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். நீல ஒளி சிகிச்சையிலேயே குழந்தை தேறிவிட்டது. ஆனால் தன் ஆசையே கேடாகிவிட்டதே என்று அந்தப் பாட்டி வார்டு வாசலில் உட்கார்ந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் அம்மாவும் இப்படி ஒன்றை எடுத்து வைத்திருக்கலாம். இன்றே தொலைபேசியில் கேட்டு, துவைத்துக் காயப்போடச் சொல்லுங்கள்.

இங்கிருந்துதான் உண்மையான ஆயத்தம் தொடங்குகிறது. வீட்டில் யார் எதைச் செய்வது, யார் சொல் எதில் நிற்கும் என்பதைப் பிள்ளை பிறக்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளாத வீடுகளில்தான் முதல் வாரம் ரணகளமாகிறது. பிறந்த பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் சேனையை வைப்பதா வேண்டாமா என்று பெற்றவள் கட்டிலிலும் மாமியார் கதவருகிலும் நின்று வாதாடும் காட்சியை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் கணவன் பெரும்பாலும் மருந்துக் கடைக்குப் போயிருப்பார்.

சீனித் தண்ணீர், தேன், கழுதைப் பால், உரைமருந்து, வசம்பு எதுவும் நாக்கில் படக்கூடாது. சீம்பாலைத் தவிர எதைக் கொடுத்தாலும் கிருமிக்கு வழி திறந்துவிடுவதோடு பால் குடிக்கும் ஆர்வமும் குறைந்துவிடும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளையே செயலிழக்கச் செய்யக்கூடியது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், குளிப்பாட்டும்போது மூக்கை ஊதுவதும், மார்பு வீங்கியிருக்கிறது என்று அமுக்கிப் பால் எடுப்பதும் வேண்டாம். ஆணோ பெண்ணோ, தாயின் ஹார்மோன் காரணமாகப் பிறந்த குழந்தையின் மார்பு சற்று வீங்கியிருப்பது இயல்பு. அமுக்கினால் சீழ் கோத்து அறுவை வரை போகும். தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வைக்கக்கூடாது. சாம்பிராணிப் புகை அந்த அறைக்குள் வேண்டாம்.

இதையெல்லாம் நீங்களே உங்கள் அம்மாவிடம் ஒரு பட்டியலாக வாசித்தால், "உன்னை நான் இப்படித்தானே வளர்த்தேன்" என்ற பதில் வரும்; அந்தப் பதிலில் நியாயமும் இருக்கிறது. ஆகவே அவரைப் பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பே வரவழைத்து, கடைசிப் பரிசோதனைக்கு உடன் அழைத்துப் போய், மருத்துவரையோ செவிலியரையோ அவரிடம் நேராகப் பேசவிடுங்கள். அவருக்குத் தெரிந்தவற்றில் நல்லவை ஏராளம்: பிள்ளையைக் கதகதப்பாகச் சுற்றுவது, தாயைச் சமையலறைப் பக்கம் விடாதிருப்பது, பூண்டும் கருவாடும் சேர்த்துப் பக்குவமாகச் சமைப்பது, கைப்பிடியில் ஏந்தித் தாலாட்டுவது. தொப்புள் விழுந்தபின் தேங்காய் எண்ணெயை இளஞ்சூட்டில் மெல்லத் தடவிவிடுவதையும் அவரிடமே விட்டுவிடுங்கள். இந்தப் பொறுப்புகளை முறைப்படி அவர் கையில் கொடுத்துவிட்டால், சேனையை விட்டுக்கொடுப்பது அவருக்குப் பெரிய இழப்பாகத் தோன்றாது.

அடுத்தது பால், முதல் பத்து நாளில் வீட்டின் எல்லா வேலையும் இதைச் சுற்றியே அமைய வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட வேண்டும் என்பது அறுவைப் பிரசவத்துக்கும் பொருந்தும், சற்றுத் தாமதமானாலும் விட்டுவிடக்கூடாது. முதல் நாளில் பிள்ளை ஒரு வேளைக்குக் குடிப்பது ஒரு தேக்கரண்டியை ஒட்டிய அளவே என்பதால், மஞ்சளாகக் கெட்டியாகச் சிறிதே வரும் சீம்பால் அதற்குப் போதும். பால் பெருகி மார்பு நிறைவது இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்தான். இந்த இடைவெளியில், குறிப்பாக இரண்டாம் நாள் இரவில், பிள்ளை விடாமல் மார்பைத் தேடி அழும். அந்த ஓர் இரவில்தான் பால் பற்றவில்லை என்ற தீர்ப்பு எழுதப்பட்டு, விடிவதற்குள் பால் மாவு டின் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அந்த அழுகை குறையைக் காட்டுவதன்று. அடிக்கடி சப்பினால்தான் பால் சுரக்கும் என்பதால் பிள்ளை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டியிருக்கும். கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பிறந்த எடையை மீண்டும் எட்டும் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் உள்ளங்காலைத் தடவி எழுப்பிக் கொடுங்கள்.

பிள்ளை பற்றும் விதத்தை நீங்களும் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், ஏனெனில் கொடுப்பவளுக்குக் கீழே நடப்பது தெரியாது. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். வாய் நன்றாகத் திறந்து, கீழுதடு வெளியே மடங்கி, தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கம் அதிகம் தெரிய வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வலிக்கும், காம்பு வெடிக்கும், பிள்ளைக்கும் பால் போகாது. வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல், சுண்டு விரலைப் பிள்ளையின் கடைவாயில் நுழைத்து விடுவித்து மறுபடி போடச் சொல்லுங்கள். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு முழு வேளை பால் கொடுப்பதைச் செவிலியர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்; அவசரத்தில் விட்டுப்போகும் வேலை இதுதான், ஆனால் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

பால் போதுகிறதா என்ற சந்தேகத்துக்கு அழுகையைப் பார்க்காமல் துணியைப் பாருங்கள். கட்டிலருகே ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிட்டு, பால் கொடுத்த நேரம், சிறுநீர், மலம் மூன்றையும் கோடு போட்டு எழுதிவாருங்கள். முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று ஏறி, ஐந்தாம் ஆறாம் நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். பகலில் துணி கட்டச் சொன்னதற்கு இதுவே காரணம்: டயப்பரில் எண்ணிக்கை தெரியாது. மலம் முதலில் தார்போலக் கறுத்து, பிறகு பச்சையாகி, நான்காம் ஐந்தாம் நாளில் கடுகு நிற மஞ்சளுக்கு வர வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் செங்கல் நிறத்தில் ஒரு கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம்; நான்காம் நாளுக்குப் பிறகும் அது வந்தால் பால் உள்ளே போவது குறைவு என்று பொருள். எடை முதல் வாரத்தில் குறையத்தான் செய்யும். மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை 2.8 கிலோவுக்கு வந்தால் இயல்பு, 2.7-ஐத் தொட்டால் பால் கொடுக்கும் முறையை உடனே ஒருவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். மருத்துவர் ஏதாவது கேட்டால் அந்த நோட்டை நீட்டுங்கள். "நல்லாத்தான் குடிக்குது" என்ற பதிலைவிட அது நூறு மடங்கு பயன்படும்.

இதில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால், பால் கொடுப்பதைத் தவிர மற்ற அனைத்தும் என்பேன். இரவில் பிள்ளையைத் தூக்கி மனைவியிடம் கொடுப்பது, குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, நோட்டில் கோடு போடுவது, ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் ஒரு சொம்புத் தண்ணீரை அவள் கையெட்டும் தூரத்தில் வைப்பது. அறுவை செய்து தையலோடு இருப்பவளால் குனிந்து பிள்ளையைத் தூக்கவே முடியாது. பகலில் வந்து குவியும் உறவினர்களை வாசலிலேயே மடக்கி அனுப்புவதும் உங்கள் வேலைதான். மனைவி சொன்னால் ஆயுளுக்கும் பேச்சாகும், அம்மா சொன்னால் வருத்தமாகும், நீங்கள் சொன்னால் இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர் எவ்வளவு நெருங்கியவரானாலும் உள்ளே வரக்கூடாது. மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தொட வேண்டும். முத்தம் யாருக்கும் கிடையாது.

அறையைப் பற்றி இரண்டு வார்த்தை. நமக்கு ஒரு சட்டை போதுமான இடத்தில் பிள்ளைக்கு இன்னொரு துணி கூடுதலாக வேண்டும், அவ்வளவே. வயிறும் பாதமும் ஒருசேர வெதுவெதுப்பாக இருந்தால் சரியாக இருக்கிறது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. அப்போது சட்டையைக் கழற்றி, தாயின் அல்லது உங்கள் வெற்று மார்பில் போட்டு மேலே போர்வையால் மூடுவதைவிடச் சிறந்த வைத்தியம் இல்லை. குளிரூட்டி இருந்தால் 26 அல்லது 27 பாகையில் வைத்து, காற்று நேரே படாமல் பார்த்துக்கொள்ளலாம். படுக்கவைப்பது எப்போதும் மல்லாக்க, கெட்டியான சமதளத்தில், பக்கத்தில் தலையணையோ பொம்மையோ இல்லாமல். தூளியை நம் வீடுகளில் ஒரேயடியாக மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கழுத்து நிற்காத பிள்ளையின் தாடை தூளியில் மடங்கி நெஞ்சில் அழுந்தும். ஆகவே முதல் வாரங்களில் அதைத் தவிர்த்துவிடுங்கள், பின்னர் போட்டாலும் ஆள் பக்கத்தில் இல்லாமல் விடாதீர்கள்.

குளியலுக்கு அவசரமே இல்லை. தொப்புள்கொடி ஒன்று இரண்டு வாரத்தில் தானாகக் காய்ந்து விழும் வரை, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தாலே போதும். துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். விழும் நேரத்தில் ஒரு சொட்டு இரத்தம் கசியலாம். சுற்றிலும் தோல் சிவந்தாலோ, நாற்றமோ சீழோ தெரிந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

பார்த்துப் பயப்படக் காரணமில்லாத சில உண்டு: விக்கல், தும்மல், தோல் உரிதல், மூக்கின் மேல் வெள்ளைப் புள்ளிகள், சத்தம் கேட்டால் கை விரித்துத் திடுக்கிடுதல், முதுகின் கீழ்ப்பகுதியில் நீலத் திட்டு, பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் துணியில் ஓரிரு சொட்டு இரத்தம், குடித்தபின் கொஞ்சம் தயிர்போலக் கக்குதல்.

காமாலை வேறு கதை. பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் இரண்டாம் மூன்றாம் நாளில் சற்று மஞ்சளாகி, ஒரு வாரம் பத்து நாளில் தானாகத் தெளிந்துவிடும். நெற்றியிலோ நெஞ்சிலோ விரலால் மெல்ல அழுத்தி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அந்த இடத்தின் நிறத்தைத் தினமும் பாருங்கள். குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதை நம்பாதீர்கள். பிறந்து 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலும், இரண்டு வாரம் கடந்து நீடித்தாலும், மலம் சுண்ணாம்பு போல வெளுத்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நாள் கடத்துவதுதான் நான் கண்டதிலேயே பெரிய தவறு. தேவையான அளவு ஒளி வெயிலில் கிடைப்பதில்லை, அதற்குள் மூளை பாதிக்கப்படும் அளவுக்குக் காமாலை ஏறிவிடலாம்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு பகல் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள் அல்லது கிளம்புங்கள்: பால் குடிப்பதை நிறுத்திவிடுதல், எழுப்பினாலும் துவண்டு கிடத்தல், வலிப்பு, அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ் நெஞ்சு குழிதல், உதடு நீலமாதல், பச்சையாக வாந்தி. அக்குளில் தெர்மாமீட்டர் 37.5 பாகை செல்சியஸுக்கு மேல் காட்டினால் துணியைச் சற்றுத் தளர்த்தி அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். குறையாவிட்டால் வீட்டில் காய்ச்சல் மருந்து கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குத்தான். 35.5-க்குக் கீழே இறங்கினாலும் அப்படியே.

தாயை எல்லாரும் மறந்துவிடுவார்கள். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதும், காய், பழம், பருப்பை விலக்குவதும் பால் கொடுப்பவளுக்குச் செய்யும் கொடுமை. காரம் குறைவாக, சூடாக, வயிறு நிறைய, வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாக அவள் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து, கால்சிய மாத்திரைகளை நிறுத்தக்கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனையும் அளவு இரத்தப்போக்கு, காய்ச்சல், நாற்றம், கெண்டைக்காலில் ஒருபக்க வலியும் வீக்கமும், விடாத தலைவலியோடு கண் மங்குதல் ஆகியவை தாமதிக்கக் கூடாதவை. மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுவாள். ஏன் அழுகிறாய் என்று விசாரிக்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்கவிடுங்கள். அந்த மனநிலை இரண்டு வாரம் தாண்டினாலோ, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலோ அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. தயங்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாகக் காகிதங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன், பிறந்தவுடன் போட வேண்டிய பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் வைட்டமின் கே ஊசியும் அட்டையில் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்த தடுப்பூசி ஆறாம் வாரத்தில். வைட்டமின் டி சொட்டு நாளொன்றுக்கு 400 அலகு என்று எழுதித் தருவார்கள்; கொடுக்கும் அளவை மருந்துக் கடையிலன்றி மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அரசுத் திட்டப்படி 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும். நகரத்தில் முகவரி தெரியாமல் விட்டுப்போவது உண்டு என்பதால் உங்கள் பகுதி நகர்ப்புற சுகாதார நிலையத்தில் இப்போதே வீட்டைச் சொல்லி வையுங்கள். கர்ப்பம் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையே அனுப்பிவிடும் என்றாலும், பெற்றோர் பெயரின் எழுத்துகளை ஆதார் அட்டையோடு ஒப்பிட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளைக்குப் பெயர் இன்னும் முடிவாகாமல் வீட்டில் இழுபறியாக இருந்தால் கவலை வேண்டாம். பெயரில்லாமலே பதிந்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.